பழைய தண்டர்பேர்டா, புதிய மீட்டியோரா?

டெங்கிலிலிருந்து பந்திங் வழியாக மோரிப் கடற்கரைக்குப் போகும் பாதையில், ஞாயிறு காலையில் குரூசர் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது தனி சுகம். காலை முன்னே நீட்டி, முதுகை நிமிர்த்தி, அவசரமே இல்லாமல் போகலாம். அப்படி ஒன்று வாங்க நினைக்கும் நம் இளைஞர்கள் பலருக்கும் ஒரே குழப்பம்தான்: விலை குறைவான பழையதா, கடன் போட்டுப் புதியதா?

1955இல் மெட்ராசில் புல்லட் தயாரிப்பைத் தொடங்கிய ராயல் என்ஃபீல்டின் இரண்டு குரூசர்களை வைத்தே பார்ப்போம். 2002இல் வந்தது தண்டர்பேர்டு. 2020இல் அதன் இடத்துக்கு வந்தது மீட்டியோர் 350.

எண்களில் வித்தியாசம் இல்லை

கடைசிக் காலத் தண்டர்பேர்டு 350இன் எஞ்சின் 346 சிசி, 19.8 குதிரைத்திறன், 28 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. மீட்டியோர் 349 சிசி, 20.2 குதிரைத்திறன், 27 நியூட்டன் மீட்டர். 18 ஆண்டுகள் கழித்து வந்த வண்டியில் இழுவை ஒரு புள்ளி குறைந்தே இருக்கிறது! காகிதத்தை மட்டும் பார்த்தால் புதியதற்குக் கூடுதல் பணம் எதற்கு என்றுதான் தோன்றும்.

உடம்புக்குத் தெரியும்

வித்தியாசம் எல்லாம் ஓட்டும்போதுதான். தண்டர்பேர்டில் வேகம் ஏற ஏறக் கைப்பிடி, கால்மிதி, கண்ணாடி மூன்றும் நடுங்கும். மீட்டியோரின் எஞ்சினுக்குள் அதிர்வைச் சமன்செய்யும் தனித் தண்டு சுழல்கிறது. அதனால் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடினாலும் கை மரத்துப்போவதில்லை. இருக்கை உயரம் 765 மில்லிமீட்டர்தான் என்பதால், 191 கிலோ வண்டியானாலும் குட்டையானவர்களுக்கும் கால் தரையில் ஊன்றும்.

பெரிய மாற்றம் பிரேக்கில். மீட்டியோரின் இரு சக்கரங்களுக்கும் ஏபிஎஸ் உண்டு. பழைய தண்டர்பேர்டுகள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. மாலை மழையில், முன்னே போகும் லாரி திடீரென நின்றால், சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் இருப்பதே உயிரைக் காக்கும்.

யாருக்கு எது?

பழையதற்கும் நியாயம் உண்டு. அந்தத் 'தடதட' சத்தத்துக்கென்றே ரசிகர்கள் இருக்கிறார்கள். 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் கம்பத்துச் சாலையில் போக அது தாராளமாகப் போதும். ஆனால் உதிரிபாகம் தேடவும் பட்டறையில் காத்திருக்கவும் பொறுமை வேண்டும். தினமும் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகிறவர்களுக்கும், பின்னால் ஆளை ஏற்றிச் செல்கிறவர்களுக்கும் புதியதே சரி.

எதை வாங்கினாலும் முதலில் உரிமத்தைப் பாருங்கள். பி2 உரிமம் 250 சிசி வரைதான் செல்லும். அதை வைத்துக்கொண்டு 350 ஓட்டினால் அபராதம் மட்டுமல்ல, விபத்து நேர்ந்தால் காப்புறுதியிலும் சிக்கல் வரும்.

முன்பணம் கட்டுமுன் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முடிந்தால் மனைவியையோ தம்பியையோ பின்னால் உட்காரவைத்து ஓட்டுங்கள். இறங்கியதும் அவர்களிடம் முதுகு வலிக்கிறதா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.