பார்த்துக்கிட்டா மட்டும் போதுமா? கற்றுக்கொடுக்கவும் பழகட்டும்!



களை எடுக்கும் காலத்தில் நம் ஊர்களில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்போம். அம்மா விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார். ஒன்பதாவது படிக்கும் மூத்த மகள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். "ஏம்மா, ஸ்கூலுக்குப் போகலையா?" என்று கேட்டால், "தம்பிய யாரு பாத்துக்கிறது?" என்று நம்மையே திருப்பிக் கேட்பாள்.

இப்படிப் பிள்ளை பார்த்தே படிப்பை விட்டவர்கள் நம் குழுக்களிலேயே பலர் இருக்கிறோம். குழுவில் சேர்ந்த பிறகுதான் கைநாட்டை விட்டுக் கையெழுத்துப் போடப் பழகினோம்.

அதனால், பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்னக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கப் பழகலாம் என்று பேச்சு வந்தபோது நமக்கு முதலில் பயம்தான் வந்தது. மறுபடியும் பொம்பளைப் பிள்ளை தலையில்தானே வந்து விழும்? ஆனால் யோசித்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு. பிள்ளை பார்ப்பது அவள் படிப்பை எடுத்துக்கொள்கிறது. கற்றுக்கொடுக்கப் பழகுவதை முறையாகச் செய்தால், அது அவளுக்கு இன்னொரு படிப்பு.

எங்கே நடந்திருக்கிறது?

2008-ஆம் ஆண்டில் யுனிசெஃப் நிறுவனம் வங்கதேசம், சீனா, காங்கோ, எத்தியோப்பியா, தஜிகிஸ்தான், ஏமன் ஆகிய 6 நாடுகளில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கப் பள்ளியில் படிக்கும் பெரிய பிள்ளைகள், அடுத்து ஒன்றாம் வகுப்புக்கு வரப்போகும் குழந்தைகளுக்கு விளையாட்டு மூலம் எண்ணும் எழுத்தும் பழக்கினார்கள். அவர்களை வழிநடத்தியவர்கள் ஆசிரியர்கள்.

அமெரிக்காவில் சில உயர்நிலைப் பள்ளிகளின் வளாகத்திலேயே சிறு குழந்தைகளுக்கான வகுப்பும் நடக்கிறது. மாணவர்கள் அங்கே போய்ப் பழகுகிறார்கள். அந்த நாட்டில் இந்த வேலைக்கு உள்ள ஒரு சான்றிதழ் வாங்க 120 மணி நேரம் பயிற்சியும், 480 மணி நேரம் குழந்தைகளோடு பழகிய அனுபவமும் வேண்டும்.

"பிள்ளை வளக்கிறது பொம்பளைக்குத் தானா வரும்" என்று நம்மிடம் சொல்வார்கள். தானாக வருவது என்றால் 480 மணி நேரம் எதற்கு? இது பழகிப் பெற வேண்டிய தொழில். ஆண் பிள்ளைகளும் பழகலாம்.

பிள்ளைகள் என்ன பழக வேண்டும்?

1. உயரம் குறைத்து உட்காருவது. நின்றுகொண்டு பேசினால் குழந்தை அண்ணாந்து பார்த்து மிரளும். தரையில் உட்கார்ந்து முகம் பார்த்துப் பேச வேண்டும்.

2. சீக்கிரம் மாற்றுவது. மூன்று வயதுக் குழந்தை ஒரே வேலையில் சில நிமிடம்தான் நிற்கும். ஒரு பாட்டு, ஒரு ஆட்டம், ஒரு கதை என்று மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

3. கேட்டுவிட்டுக் காத்திருப்பது. "காக்கா எங்கே போச்சு?" என்று கேட்டுவிட்டு உடனே நாமே பதில் சொல்லிவிடுகிறோம். மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருந்தால் குழந்தை பேசும். ஒரே கதையை நாலு முறை கேட்டாலும் சலிக்காமல் சொல்ல வேண்டும். திரும்பக் கேட்டுத்தான் குழந்தை சொல்லைப் பிடிக்கிறது.

4. கைக்கு வேலை கொடுப்பது. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று சொல்லிக்கொண்டு மூன்று வயதிலேயே சிலேட்டைத் திணிக்கிறோம். அந்த வயதில் விரலுக்குப் பலம் போதாது. களிமண் பிசையட்டும், மணலில் கோடு போடட்டும். பெரிய கொட்டாங்கச்சி, சின்னக் கொட்டாங்கச்சி என்று பிரிக்கட்டும். வேப்பிலை, புங்க இலை என்று வகை பார்க்கட்டும். எழுத்து பிறகு சுலபமாக வரும்.

5. ஆபத்தை அறிவது. புளியங்கொட்டை, மணி, பொத்தான் போன்ற சின்னப் பொருட்களைக் குழந்தை மூக்கிலோ வாயிலோ போட்டுக்கொள்ளும். விளையாடக் கொடுக்கக் கூடாது. தண்ணீர் நிறைந்த தொட்டி, குடம் பக்கத்தில் ஒரு நொடிகூடத் தனியாக விடக் கூடாது.

6. அடிக்காமல், ஒப்பிடாமல் இருப்பது. "அவன் எப்படிச் சொல்றான் பாரு" என்ற ஒரு பேச்சே குழந்தையின் வாயை மூடிவிடும்.

எங்கே பழகலாம்?

நம் ஊர் அங்கன்வாடியில் பழகலாம். 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் சத்துணவோடு, 3 முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு முன்பருவக் கல்வியும் சேர்ந்தே இருக்கிறது. பதிவேடு, எடை பார்ப்பது, உணவு என்று டீச்சருக்கு வேலை நிறைய. பள்ளிக்கு விடுமுறை விட்டு அங்கன்வாடி திறந்திருக்கும் நாளில், அவர் அனுமதியோடு இரண்டு பிள்ளைகள் ஒரு மணி நேரம் போகலாம். முதல் சில நாட்கள் டீச்சர் செய்வதைப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு பாட்டு, அப்புறம் ஒரு கதை என்று மெதுவாகச் செய்ய வேண்டும். முடிந்ததும், இன்று எந்தக் குழந்தை என்ன செய்தது என்று நோட்டில் நாலு வரி எழுத வேண்டும்.

நாம் போட வேண்டிய கட்டுப்பாடு

- இதற்காகப் பள்ளிக்கு ஒரு நாள்கூட லீவு போடக் கூடாது. பரீட்சை நேரத்தில் வேண்டவே வேண்டாம்.
- டீச்சரோ, ஆயாவோ, தாய்மார்களில் ஒருவரோ எப்போதும் கூட இருக்க வேண்டும்.
- டீச்சர் வராத நாளில் "இந்தப் பிள்ளை பாத்துக்கும்" என்று விட்டுவிடக் கூடாது.
- ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவரையும் அனுப்ப வேண்டும்.
- பிள்ளைக்கு விருப்பம் இல்லை என்றால் வற்புறுத்தக் கூடாது.

இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். குழந்தைக்குப் பேச ஒரு ஆள் கிடைக்கிறது. பழகும் பிள்ளைக்குப் பத்துப் பேர் முன்னால் பேசும் தைரியம் வருகிறது. நாளைக்கு டீச்சர் வேலைக்குப் போனாலும், தானே தாயானாலும், இந்தப் பழக்கம் கூடவே வரும்.

அடுத்த கூட்டத்தில் சேமிப்பு, கடன் பேசி முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: "போன மாசம் நம்ம வீட்டுல எந்தப் பிள்ளை தம்பி, தங்கச்சியப் பாக்க லீவு போட்டுச்சு?" பதிலைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். முதலில் அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவோம், சின்னதை அங்கன்வாடியில் விடுவோம். அதன் பிறகு விடுமுறை நாளில் அக்காவும் அண்ணனும் அங்கே கதை சொல்லப் போகட்டும்.