காட்டு நீர்த்துறைகளும் அவற்றின் உடைமையாளரும்: கிண்ணியா, கன்னியாப் பகுதிகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

அடர்ந்த காட்டினூடே மனித வாடை படாத சுனையொன்றைக் கண்டு அதில் இறங்கி நீராடி மீள்வது, வெப்பவலய நாடுகளைப் பற்றிய பயண நூல்களில் திரும்பத் திரும்ப வரும் காட்சியாகும். இக்காட்சியில் மரங்கள் உண்டு; பறவைகள் உண்டு; அடிமணல் தெரியும் தெளிந்த நீர் உண்டு. மக்கள் மட்டும் இல்லை. இருப்பினும் வழிகாட்டியாகவோ பொதி சுமப்பவராகவோ ஓரத்தில் நிற்பர். அச்சுனைக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதை யாருடைய கால்பட்டு உண்டாயிற்று என்ற கேள்வி அந்நூல்களில் எழுவதில்லை. காட்டு நீர்த்துறை இயற்கையின் கொடை மாத்திரமன்று, அது ஒரு சமூக நிறுவனமுமாகும் என்பதே எமது கருத்து. திருகோணமலை மாவட்டத்திலிருந்து பெறும் சான்றுகளைக் கொண்டு இதனை விளக்க முனைவோம்.

முதலிற் பெயர் பற்றி ஒரு குறிப்பு அவசியமாகின்றது. கிண்ணியா, கொட்டியாரக்குடாவுக்கும் தம்பலகாமக்குடாவுக்கும் இடைப்பட்ட நிலப்பகுதி. முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். கன்னியாவோ திருகோணமலை நகரிலிருந்து அநுராதபுர வீதியில் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தொலைவில், ஏழு வெந்நீரூற்றுகளாற் பெயர்பெற்ற வேறோர் இடம். பயண நூல்களிற் சில வெந்நீரூற்றுகளைக் 'கிண்ணியா' என்றே எழுதிவிடுகின்றன. பிழை பிழைதான். எனினும் இவ்விரண்டு இடங்களையும் ஒருங்கு வைத்து நோக்குவதற்கு அப்பிழை எமக்கு ஒரு வாய்ப்பைத் தருகின்றது.

நீர்நிலைகளைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்களைக் கூர்ந்து நோக்கினால், அவை நீரின் தோற்றத்தைவிட நீரோடு மனிதர் கொண்ட தொடர்பையே பெரிதும் உணர்த்துவதைக் காணலாம். பாறையிடுக்கில் ஊறி நிற்பது சுனை. ஆற்றுப்படுக்கையில் ஆழ்ந்து கிடப்பது மடு. மண் அகழ்ந்து நீர் காண்பது கேணி. காட்டோரத்துச் சிறு தேக்கம் வன்னி வழக்கில் மோட்டை. இறங்கி நீராடவும் நீர் மொள்ளவும் மக்கள் வகுத்துக்கொண்ட இடம் துறை. துறை என்ற சொல்லே உழைப்பையும் உடன்பாட்டையும் உள்ளடக்கியது. எவர் எங்கே இறங்கலாம், மாடு எங்கே குடிக்கலாம், துணி எங்கே துவைக்கலாம் என்பனவெல்லாம் பழகிப் பழகி வரையறையான இடமே துறையாகும். சாதியடிப்படையில் துறைகள் வேறுபடுத்தப்பட்டதும் இவ்வரையறையின் ஒரு கூறே என்பதை மறந்துவிட்டுப் பழைய பொதுமையைப் போற்றுவது எமக்கு உடன்பாடன்று.

சங்கப் பாடல்களில் நீராடல் இரு முகங்கள் கொண்டது. மலைச்சுனையிற் சூரும் அணங்கும் உறையும் என்ற அச்சம் ஒருபுறம். வையைப் புதுப்புனலில் நகரத்தார் கூடி ஆடும் களிப்பைக் கூறும் பரிபாடல் மறுபுறம். முன்னது வேட்டையும் தேனெடுப்பும் சார்ந்த குறிஞ்சி வாழ்வின் நினைவு. பின்னது உபரி விளைச்சலின்மீது எழுந்த நகர வாழ்வின் வெளிப்பாடு. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது புறநானூற்றின் 243ஆவது பாட்டு. கையிற் கோலூன்றி இருமிக்கொண்டே பேசும் முதியவர் ஒருவர், நீரோரத்து மருதமரக் கிளையிலிருந்து ஆழ்ந்த குட்டத்திற் பாய்ந்து, அடியிலிருந்து மணல் அள்ளி வந்து காட்டிய இளமைக் காலத்தை அதில் நினைவுகூர்கின்றார். பாடியவரின் இயற்பெயரும் எமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் வரும் தொடரே அவர் பெயராயிற்று. அவர் பாய்ந்த மடு ஓர் ஊரின் மடு. கரையில் நின்று வியப்பதற்கு ஊரவர் இருந்தனர். எவருமற்ற இடத்திற் பாய்வதில் அம்முதியவருக்கு நினைவுகூர என்ன இருந்திருக்கும்?

கிண்ணியாப் பிரதேசத்தில் நீர் இன்னும் பெரும்பாலும் தொழிலின் நீராகவே உள்ளது. இலங்கையின் நீண்ட ஆறாகிய மகாவலி 335 கிலோமீற்றர் கடந்து கொட்டியாரக்குடாவிலேயே கடலைச் சேர்கின்றது. அதன் கீழ்ப்படுகையில், வெள்ளக்காலத்தில் நிறைந்து கோடையில் ஒடுங்கும் வில்லுகள் உள்ளன. வெள்ளம் வடிந்தபின் மேய்ச்சல் நிலமாகவும் மீன்பிடி நிலையமாகவும் பயன்படும் இவ்வில்லுகளிற் குளிப்பவன் நீந்தி மகிழ வந்தவனல்லன். பட்டியை ஓட்டி வந்தவன், விறகெடுக்க வந்தவன், வலை விரிக்க வந்தவன். முதலைகள் வாழும் நீர் அது. எங்கே இறங்கலாம் என்பதை அறிந்திருப்பது அவனுக்கு உயிர்காக்கும் அறிவு. 1976இல் பொல்கொல்லையிற் மகாவலி திசைதிருப்பப்பட்டதும், 1980களில் விக்ரோரியா, ரந்தெனிகல முதலிய அணைகள் எழுந்ததும், கீழ்ப்படுகைக்கு வரும் வெள்ளத்தின் அளவையும் காலத்தையும் மாற்றின. வில்லின் ஏற்ற இறக்கத்தை நம்பிய வாழ்வுக்கு இம்மாற்றம் என்ன செய்தது என்பது தனியே ஆராயப்பட வேண்டிய பொருள்.

கன்னியா இதிலிருந்து வேறுபட்டது. காடு சூழ்ந்த சிறு பரப்பில், சதுரமாகக் கட்டப்பட்ட ஏழு கிணறுகள் ஒன்றுக்கொன்று அண்மையில் அமைந்துள்ளன. ஆழம் மூன்று நான்கு அடிக்கு மேற்படாது. அடித்தளம் தெளிவாகத் தெரியும். இங்கே எவரும் நீந்துவதில்லை. வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வதே முறை. நீரின் வெப்பம் ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ். ஆயின் கிணற்றுக்குக் கிணறு சற்றே வேறுபடும். ஒரு கிணற்றிலிருந்து மற்றதற்கு மாறி மாறி ஊற்றிப் பார்த்து, எது அதிகச் சூடென்று வழக்காடுவது அங்கு வரும் சிறுவர்க்கு ஓயாத விளையாட்டு.

வெப்பத்துக்குக் காரணம் எரிமலையன்று. இலங்கையில் எரிமலை எதுவுமில்லை. மழைநீர் தொன்மையான பாறைகளின் வெடிப்புகள் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, ஆழத்தோடு அதிகரிக்கும் புவிவெப்பத்தாற் சூடேறி, வேறொரு வெடிப்பின் வழியே விரைந்து மேலெழுகின்றது. மகாஓயா, மதுனாகலை முதலிய இடங்களிலுள்ள ஏனைய வெந்நீரூற்றுகளும் இவ்வாறே அமைந்தவை.

விஞ்ஞானம் தரும் விளக்கம் இது. மக்கள் மரபு தரும் விளக்கமோ இராவணனோடு தொடர்புடையது. தாய் இறந்தாள் என்று கேட்ட இராவணன், அவளுக்குரிய கடன்களைச் செய்ய நீர் வேண்டித் தன் வாளால் ஏழிடங்களிற் குத்த, ஏழு ஊற்றுகள் எழுந்தன என்பர். இக்கதையை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோரும் வரலாறு என்று கொள்வோரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். இருசாராரும் கதையிலேயே தொடங்கிக் கதையிலேயே முடித்துவிடுகின்றனர். கிரேக்க இலக்கியத்தை ஆராய்ந்த ஜோர்ஜ் தொம்சன், சடங்கு முந்தியது, அதனை விளக்க எழுந்த கதை பிந்தியது என்ற நோக்கினை வலியுறுத்தினார். அவரிடம் ஆய்வு மேற்கொண்ட க. கைலாசபதி வழியாக அந்நோக்கு எமது ஆய்வுலகுக்கும் பழக்கமானதே. அதன்படி நோக்கின், முதன்மையான உண்மை இராவணனன்று; திருகோணமலைச் சைவ மக்கள் இறந்தோருக்கான அந்தியேட்டிக் கிரியைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கன்னியாவிலே செய்து வந்துள்ளனர் என்பதேயாம். ஆடி அமாவாசையிலும் அங்குக் கூடுவர். ஈமக்கடன் செய்து முழுகும் மனிதனுக்கு மண்ணுள்ளிருந்து சூடாக எழும் நீர் பொருள் நிறைந்த ஒன்றாகத் தோன்றியதில் வியப்பில்லை. அச்சடங்கைக் கண்டே கதை பிறந்தது. கதையில் அழுகின்றவன் அரசன். கிணற்றடியில் அழுதவர்களோ உழவரும் மீனவரும் கூலியாட்களுமாவர். தாயை இழந்த துயரத்தின் முன்னே இலங்கை வேந்தனும் அவர்களைப்போல் ஒருவனாக்கப்பட்டான். புராண மரபு இக்கதையைத் தலமகிமையாக்கிக்கொண்டது பிற்பட்ட நிகழ்ச்சியாகவே இருத்தல் வேண்டும்.

கடன் கழிக்க மட்டுமன்றி உடல்நோவு தீர்க்கவும் மக்கள் அங்குச் சென்றனர். மூட்டுவலிக்கும் உளைவுக்கும் சூடான நீர் இதமளிக்கும் என்பதைக் கண்டறிய எந்த மருத்துவ நூலும் தேவைப்படவில்லை. இவ்வகையிற் சைவர், முஸ்லிம்கள், பௌத்தர், கிறித்தவர் என்ற வேறுபாடு அந்நீருக்கு இருந்ததில்லை. கிண்ணியாவிலிருந்து வருபவர் 2009வரை பாதையில் ஏறிக் கடனீரேரியைக் கடந்தே நகருக்கு வரவேண்டியிருந்தது. இங்கே பாதை என்பது வீதியன்று. இப்பகுதி வழக்கில் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கடக்கும் மிதவை. அவ்வாண்டு ஒக்ரோபரில் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டது. ஆயினும் அதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலம் திருத்தப்பட்டுக்கொண்டிருந்த வேளையிற் பயன்படுத்தப்பட்ட மிதவை 2021 நவம்பர் 23ஆம் நாள் கவிழ்ந்து, பள்ளிச் சிறார் உட்படப் பலர் மாண்டனர். ஊரின் பெயரிலேயே கேணி உண்டு. காட்டுச்சுனை தேடி வரும் பயணியின் கண்ணில் இந்நீர் படுவதில்லை.

1795இல் திருகோணமலை ஆங்கிலேயர் கைக்கு மாறியபின் கன்னியா கோட்டையிலிருந்தோருக்கு ஓர் உல்லாசப் பயண இடமாயிற்று. ஜோன் டேவி, எமேர்சன் தெனன்ற் ஆகியோர் இவ்வூற்றுகளைத் தம் நூல்களில் விவரித்துள்ளனர். அவற்றை நாம் இகழ்வதற்கில்லை. பயன்மிக்க பதிவுகள் அவற்றில் உள்ளன. சிறப்பாக மீன்கள் பற்றிய செய்தி சுவையானது. 1828 முதல் 1849 வரை பாரிசில் வெளிவந்த மீனியல் பெருநூலிற் குவியரும் வலென்சியென்னும் கன்னியாவிற் பெறப்பட்ட மீன்களுக்கு வெப்பத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பெயரிட்டனர். அவற்றுளொன்று இன்று எசோமஸ் தேர்மொயிக்கொஸ் எனப்படுகின்றது. வெப்பத்தில் வாழ்வது என்பது பெயரின் கருத்து. உண்மையில் அம்மீன் இலங்கைத் தாழ்நிலத்தின் சாதாரண ஓடைகளிலும் வாய்க்கால்களிலும் பரவலாக வாழ்வது! வயற்காரப் பிள்ளைகள் நாளும் காணும் மீன் அது. வியப்புக்குரிய இடமொன்றில் முதலிற் கண்டமையால் வியப்புக்குரிய பெயரோடு அது அறிவுலகிற் புகுந்தது.

மீனின் பெயர் மாறியதால் எவருக்கும் கேடில்லை. காட்டின் உரிமை மாறியமை அத்தகையதன்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மறுதலை நிறுவப்படும்வரை காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் யாவும் முடிக்குரியனவெனக் கருதப்படும் என விதித்தது. ஆவணத்தால் அன்றிப் பழக்கத்தால் மாத்திரம் நிலைபெற்ற உரிமை இச்சட்டத்தின் முன் வலுவிழந்தது. பெருந்தோட்டங்களுக்கு நிலம் திரட்ட எழுந்த சட்டமே ஆயினும், கோப்பி விளையாத கிழக்கின் காடும் அதன் எல்லைக்குட்பட்டது. நாடு சுதந்திரம் பெற்றபின் முடியின் இடத்தில் அரசு அமர்ந்தது.

மூலதனத்தின் மூன்றாம் பாகத்தில் மார்க்ஸ் நீர்வீழ்ச்சியொன்றை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றார். நீர்வீழ்ச்சி உழைப்பின் விளைவன்று. ஆகவே அதற்கு மதிப்பு இல்லை. எனினும் அதனை ஒருவர் தனியுடைமையாக வைத்திருப்பாராயின், பிறர் அதைப் பயன்படுத்துவதற்கு விலை கேட்க அவராற் கூடும். கன்னியாவிற் பண்ட உற்பத்தி எதுவும் நடைபெறவில்லையாதலால் இவ்வாய்பாட்டை அப்படியே பொருத்துதல் தகாது. ஆயின் ஒரு கூறு பொருந்தும். நுழைவாயிற் கட்டணம் நீருக்கான விலையன்று; வாயிலை அடைத்து நிற்கும் அதிகாரத்துக்கான விலை. அக்கட்டணத்தை உள்ளூராட்சி மன்றம் பெற்றுக் கிணற்றடியைத் துப்புரவு செய்யும்போது அதிகாரம் ஓரளவேனும் ஊரவர்க்குப் பொறுப்புச் சொல்லவேண்டியிருந்தது. போர் முடிந்து தெற்கிலிருந்து பயணிகள் பெருந்தொகையாக வரத் தொடங்கிய வேளையில், 2011ஆம் ஆண்டளவில், ஊற்றுப்பகுதி தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பின்கீழ் வந்தது. அநுராதபுரக் காலத்துப் பௌத்த மடாலயத்தின் எச்சம் அது என அறிவிப்புப் பலகையும் நாட்டப்பட்டது.

இங்கே முற்போக்காளர் நிதானமாகச் சிந்தித்தல் வேண்டும். பௌத்த எச்சம் இருத்தலே ஆகாது என்று வாதிடுதல் வரலாற்றுக்கு முரணானது. திருகோணமலைக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரை சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர்பெற்றிருந்தது. அங்குள்ள தமிழ்ச் சாசனங்கள் தமிழர் அப்பள்ளிக்கு வழங்கிய கொடைகளைப் பதிவுசெய்கின்றன. பௌத்தம் என்றாற் சிங்களம், சைவம் என்றாற் தமிழ் என்ற சமன்பாடு அக்காலத்துக்குப் பொருந்தாது. அதேவேளை, இருதரப்பும் பழங்கதை பேசுகின்றன என்று கூறி ஒதுங்கிவிடுதலும் நேர்மையன்று. ஒருதரப்பின் கதைக்கு அரசாணையும் வேலியும் காவலும் துணை நிற்கின்றன; மறுதரப்புக்கு அவை இல்லை. ஊற்றடியிலிருந்த பிள்ளையார் கோயிலின் இடத்தில் விகாரை எழுப்ப நடந்த முயற்சியை எதிர்த்து 2019 யூலை 16ஆம் நாள் மக்கள் திரண்டபோது அவர்கள் வழியிலேயே தடுக்கப்பட்டனர். அம்மாதமே திருகோணமலை மேல் நீதிமன்றம் கட்டுமானத்தை நிறுத்தி, வழிபாட்டுக்குத் தடை கூடாதென இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது.

1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் கல்லையும் செங்கல்லையும் காக்க வல்லது. முப்பத்தோராம் நாள் ஈர உடையோடு ஒருவன் வாளியைத் தூக்கும் பழக்கத்தைப் பழைமை என்று காண அதற்குக் கண் இல்லை. எனவே சில கோரிக்கைகள் இயல்பாகவே எழுகின்றன. கிரியைக்கு வருவோரிடம் கட்டணம் பெறலாகாது. கிணற்றடியின் அன்றாடப் பராமரிப்பும் வருவாயும் மக்கள் தெரிந்தெடுத்த உள்ளூராட்சி மன்றத்திடம் மீளவேண்டும். அங்கு வரும் எல்லாச் சமூகத்தாரும், கிண்ணியாவிலிருந்து உளைவு தீர்க்க வரும் மீனவர் உட்பட, அப்பராமரிப்பில் வாய்திறக்க இடமிருத்தல் வேண்டும். அறிவிப்புப் பலகை மும்மொழியிலும் இருப்பதோடு மூன்று சமூகத்தாரின் வழக்கங்களையும் குறிப்பிட வேண்டும். புவியியலாளரிடம் கேட்கவேண்டிய கேள்வியொன்றும் எஞ்சியுள்ளது: ஏழு கிணற்றிலும் ஊறுவது எப்பகுதிக் காட்டிற் பெய்த மழை? வேலி இப்போது கிணறுகளைச் சுற்றியே போடப்பட்டுள்ளது. அம்மழை இறங்கும் நிலம் அவ்வேலிக்கு வெளியே கிடக்கின்றது.