தோல் சோபாவில் வெள்ள வாடை: துடைப்பதா, தூக்கி எறிவதா?

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரைத் தாக்கிய வெள்ளம், கோத்தா திங்கி, சிகாமட் மக்களின் வீட்டுப் பொருள்களைப் பாழாக்கியது. 2023 மார்ச்சிலும் சிகாமட், பத்து பகாட் வட்டாரங்கள் நீரில் மூழ்கின. வெள்ளம் வடிந்த பின் எழும் கேள்வி: தோல் சோபாவின் நாற்றத்தைப் போக்க முடியுமா?

முடியும், ஆனால் எல்லா நேரத்திலும் அல்ல.

நாற்றத்திற்குக் காரணம் பூஞ்சணம். தோலின் நுண்துளைகள் ஈரத்தை உள்ளிழுக்கும். வாசனைத் திரவியம் தெளித்தால் நாற்றம் சற்று நேரம் மறையும், பூஞ்சணம் சாகாது.

மழைக்கால ஈரத்தால் மேற்புறத்தில் மட்டும் பூஞ்சணம் படர்ந்திருந்தால் கவலை வேண்டாம். முகக்கவசம் அணிந்து, சோபாவை வெளியே கொண்டுவாருங்கள். வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவு கலந்து, அதில் நனைத்து நன்கு பிழிந்த துணியால் துடையுங்கள். நிறம் மங்கக்கூடும் என்பதால் முதலில் பின்புறத்தில் சோதித்துப் பாருங்கள். கடும் வெயில் பட்டால் தோல் வெடிக்கும். நிழலில் காற்றாட உலர்த்துங்கள். பிறகு ஆப்பச் சோடாவைத் தூவி, மறுநாள் தூசு உறிஞ்சும் கருவியால் எடுத்துவிடுங்கள். கடைசியாகத் தோலுக்கான களிம்பைப் பூசுங்கள்.

வெள்ளநீர் உள்ளே இருக்கும் பஞ்சுவரை புகுந்திருந்தால் நிலைமை வேறு. அந்த நீரில் சாக்கடைக் கழிவும் கலந்திருக்கும். 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலராத பஞ்சில் பூஞ்சணம் வளரத் தொடங்கும். மேலே எவ்வளவு துடைத்தாலும் வாடை திரும்பும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு அது மூச்சுத்திணறலைக் கொண்டுவரலாம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அத்தகைய சோபாவை அகற்றிவிடுவதே நல்லது. சோபாவை மீண்டும் வாங்கலாம். பிள்ளையின் உடல்நலத்தை வாங்க முடியாது.