இன்டர்நெட் தடுக்கி விழுந்த அம்மா!

போன மாதம் 18-ம் தேதி காலை, எங்கள் வீட்டில் இன்டர்நெட் தடுக்கி அம்மா விழுந்துவிட்டாள்.

சிரிக்காதீர்கள். "எப்படிம்மா விழுந்தீங்க?" என்று எலும்பு டாக்டர் கேட்டதற்கு அம்மா சொன்ன பதிலே அதுதான். வாசல் பக்கம் ரவுட்டர். பின் ரூமில் என்னுடைய பழைய டெஸ்க்டாப். நடுவே ஹாலின் குறுக்கே ஓடும் நீல வயர். அதை மறைக்க மேலே ஒரு பாய். பாய்க்கு வெளியே ஒரு சாண் வயர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் கால் கட்டைவிரல் மாட்டி... நல்லவேளை, எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. மணிக்கட்டு மட்டும் இட்லி மாதிரி வீங்கிவிட்டது. வயசு 71 ஸார்!

"இனிமே இந்த வீட்ல அந்த வயர் இருக்கக் கூடாது" என்றாள் மனைவி. அம்மாவோ, "விடும்மா, அவன் பொழப்பு அதுலதானே ஓடுது" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிழைப்பு என்றால்? நான் பி.காம். பத்திரிகைகளில் எழுதுவது ஆசைக்கு. இரண்டு கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்ப்பது அரிசிக்கு. கணக்கு மொத்தமும் அந்த டெஸ்க்டாப்பில்தான். 20-ம் தேதிக்குள் 3பி ரிட்டர்ன் போடாவிட்டால் நாளொன்றுக்கு 50 ரூபாய் அபராதம்; கட்டாத வரிக்கு 18 சதவிகித வட்டி.

உடனே கடைக்கு ஓடி, விரல் நகம் சைஸில் ஒரு யு.எஸ்.பி. வைஃபை டாங்கிள் வாங்கி வந்தேன். கூடவே டிரைவர் ஸாஃப்ட்வேர் அடங்கிய குட்டி சி.டி. ஒன்று. என் கம்ப்யூட்டரில் சி.டி. டிரைவ் செத்து ஆறு வருஷம் ஆகிறது. சரி, நெட்டிலிருந்து இறக்கலாம் என்றால், நெட் வர அந்த டிரைவர் வேண்டும்! பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் கதை. கடைசியில் செல்போனை சார்ஜர் வயரால் கம்ப்யூட்டரில் சொருகி, போன் செட்டிங்கில் 'யு.எஸ்.பி. டெதரிங்' ஆன் செய்ததும் போனின் நெட் உள்ளே வந்தது. டிரைவர் இறங்கியது. வைஃபை வந்துவிட்டது. நீல வயரைச் சுருட்டிப் பரணில் போட்டேன்.

(வைஃபை என்பது 'வயர்லெஸ் ஃபிடலிட்டி'யின் சுருக்கம் என்று நண்பர்கள் அடித்துச் சொல்வார்கள். நம்பாதீர்கள். 1999-ல் பெயர் வைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு கம்பெனியிடம் காசு கொடுத்து வாங்கிய பெயர் அது. அர்த்தம் ஒன்றும் கிடையாது.)

இரண்டு நாள் சுகமாகப் போயிற்று. அவ்வப்போது நெட் விழும், தானே எழுந்துகொள்ளும். நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

20-ம் தேதி சாயங்காலம். ஹார்டுவேர் கடை அண்ணாச்சிக்கு 41 ஆயிரம் ரூபாய் வரி. சலானைப் போட்டு, பேங்க் பக்கத்தில் 'பே' அழுத்தினேன். வட்டம் சுற்றுகிறது... சுற்றுகிறது... நெட் அவுட். பணம் போச்சா, போகலையா? திரும்ப அழுத்தினால் இரண்டு தடவை போய்விடுமோ? போன் டேட்டாவை விண்டோஸ் அப்டேட் மத்தியானமே குடித்துத் தீர்த்திருந்தது. அண்ணாச்சி வேறு லைனில். "தம்பி, பணம் எடுத்துட்டதா மெஸேஜ் வந்திருக்கே, முடிஞ்சுதா?"

என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? பரணில் ஏறி அதே நீல வயரை எடுத்து அதே ஹாலில் போட்டேன். பத்தே நிமிஷம்தானே என்று. பணம் ஒழுங்காகப் போயிருந்தது. ரிட்டர்ன் போட்டு, ஒப்புகை எண் வாங்கி, அண்ணாச்சிக்கு அனுப்பி, நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

வயரை எடுக்க மறந்துவிட்டேன்.

ராத்திரி பதினோரு மணிக்கு மனைவியின் அலறல்: "அத்தே... நில்லுங்க!" தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா, ஒரு காலைத் தூக்கியபடி இருட்டில் அப்படியே நிற்கிறாள். அடுத்த அடியில் வயர். மனைவி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளே சுருட்டி எங்கோ ஒளித்து வைத்துவிட்டாள்.

மறுநாள் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் படித்தவனில்லை நான். ஆனால் பேங்க் ரிகன்ஸிலியேஷன் போடத் தெரியும். நோட்டில் இரண்டு பத்தி: நெட் விழுந்த நேரம் ஒரு பக்கம், அப்போது கம்ப்யூட்டரில் என்ன ஓடியது என்று எதிர்ப்பக்கம். நினைவிலிருந்து எழுத எழுத, எதிர்ப்பக்கத்தில் ஒரே ஐட்டம்: பேக்கப்! கணக்கை எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்கிற நேரமெல்லாம் நெட் விழுந்திருக்கிறது.

சோதித்தேன். கறுப்புத் திரையைத் திறந்து ரவுட்டருக்கு விடாமல் 'பிங்' அடிக்க விட்டேன். நாலு மில்லி செகண்டில் பதில். டிஸ்க்கைச் சொருகிக் காப்பி போட்டதும் 'ரிக்வஸ்ட் டைம்டு அவுட்'. உருவினால் மறுபடி நாலு!

காரணம் ஒன்றும் மாயமில்லை. கேபினெட்டின் பின்னால் நீல நாக்கு தெரியும் ஓட்டைகள் யு.எஸ்.பி. 3.0. விநாடிக்கு 5 கிகாபிட் வேகம். அந்த வேகத்தில் டேட்டா ஓடும்போது அது கிளப்பும் ரேடியோ இரைச்சல், வைஃபை பேசுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் வரை பரவுகிறது. இன்டெல் கம்பெனி 2012-லேயே இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பெரும்பாலும் தப்பித்துவிடும். நான் வாங்கிய மலிவு டாங்கிளுக்கு அந்த பாஷை தெரியாது. அதையும் ஹார்டு டிஸ்க்குக்கு ஒட்டினாற்போல் நீல ஓட்டையிலேயே சொருகியிருக்கிறேன். கல்யாண வீட்டில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போன் பேசினால் காதில் என்ன விழும்? போதாததற்கு, முன்னால் தகர கேபினெட், பக்கத்தில் இரும்பு பீரோ.

வைத்தியம்: ஒரு மீட்டர் யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் வயர். ஆமாம் ஸார், வயரே வேண்டாம் என்று கிளம்பியவனுக்கு மருந்து ஒரு வயர்! அதைக் கறுப்பு ஓட்டையில் சொருகி, டாங்கிளை மேஜை மேல், ஹாலைப் பார்த்தாற்போல் டேப் போட்டு ஒட்டினேன். டிவைஸ் மேனேஜரில் 'மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம்' என்ற டிக்கையும் எடுத்துவிட்டேன். பேக்கப் முழு வேகத்தில் ஓட, பிங் விடாமல் பதில் சொன்னது.

இந்த மாதம் ரிட்டர்னை 17-ம் தேதியே போட்டாயிற்று. அம்மாவின் வீக்கமும் வடிந்துவிட்டது. ஆனால், ஹாலில் நடக்கும்போது வயர் இருந்த இடம் வந்ததும் இன்னும் காலைத் தூக்கித் தாண்டித்தான் போகிறாள். "அதான் வயர் இல்லையேம்மா" என்றேன்.

"உன்னை நம்ப முடியாதுடா" என்றாள்.