வெட்டத் தெரிந்த டிஎன்ஏ

போடிமெட்டு ஏறி பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலம் போட்டிருப்பவர்களுக்குக் கட்டே நோயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இளம் இலையில் நடுநரம்பிலிருந்து ஓரம்வரை வெளிர்பச்சைக் கோடுகள் ஓடும். தூர் குறுகும், காய்ப்பு வருடத்துக்கு வருடம் இறங்கும். காரணம் ஒரு வைரஸ். அசுவினி அதைப் பரப்புகிறது; நோயுள்ள தூரிலிருந்து பிரித்து நடும் கன்றும் பரப்புகிறது. மருந்து கிடையாது. வைரஸ் புகுந்தபின் கோடு தெரிய வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும் என்பதுதான் பெரிய தொல்லை. அதுவரை பார்வைக்கு அது நல்ல செடி. நம்பிக் கன்று பிரித்து நட்டுவிடுவோம்.

இந்த வைரஸின் மரபுப்பொருள் ஆர்என்ஏ. குறிப்பிட்ட ஓர் ஆர்என்ஏவைத் தேடிப் பிடித்து, குறித்த இடத்தில் வெட்டும் மூலக்கூறு ஒன்று இருக்கிறது. டிஎன்ஏ நொதி என்று அதைச் சொல்லலாம்.

மரபுச் செய்தியைச் சேர்த்துவைப்பது டிஎன்ஏவின் வேலை, வேதிவினைகளை நடத்துவது புரத நொதிகளின் வேலை என்றுதான் பாடப்புத்தகத்தில் படித்தோம். ஆர்என்ஏவும் வினை நடத்தும் என்று தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் இருவரும் கண்டு 1989இல் நோபல் பரிசு வாங்கினார்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் ஆராய்ந்த ரைபோசோமிலும் அமினோ அமிலங்களைக் கோக்கும் இடம் ஆர்என்ஏவால் ஆனதுதான். டிஎன்ஏ அப்படி வேலை செய்வதை எந்த உயிரினத்திலும் இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஆகவே, வெட்டும் டிஎன்ஏவை ஆய்வகத்தில் உண்டாக்க வேண்டியிருந்தது.

1994இல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ரொனால்ட் பிரேக்கர், ஜெரால்ட் ஜாய்ஸ் இருவரும் அதைச் செய்தார்கள். செய்த விதம் போடி வியாபாரிகளுக்குச் சட்டென்று பிடிபடும்: ஏலக்காயைச் சல்லடையில் போட்டு 8 மில்லிமீட்டர் காயைத் தனியே எடுப்பது போன்றதுதான். ஏறத்தாழ நூறு லட்சம் கோடி டிஎன்ஏ இழைகள், எழுத்துவரிசை தாறுமாறாக. ஒவ்வொன்றிலும் ஓரிடத்தில் மட்டும் ஆர்என்ஏ கண்ணி ஒன்று. இழையின் ஒரு முனையைக் குழாய்க்குள் ஒட்டிவைத்து, காரீயம் கலந்த நீரை ஊற்றினார்கள். தன் கண்ணியைத் தானே அறுத்துக்கொண்ட இழைகள் மட்டும் கழன்று கீழே வந்தன. அவற்றைப் படியெடுத்துப் பெருக்கி மறுபடி ஊற்றினார்கள். ஐந்து சுற்றுக்குப் பின் மிஞ்சியவை திறமைசாலிகள். யாரும் வரைந்து வடிவமைக்கவில்லை. சலித்தே எடுத்தார்கள் என்பது எனக்கு இன்னும் வியப்பு.

1997இல் ஜாய்ஸும் ஸ்டீபன் சாண்டோரோவும் இன்னும் பயனுள்ள ஒன்றைப் பிரித்தார்கள். பத்தாவது சுற்றில் கிடைத்த 23ஆவது படி என்பதால் அதன் பெயர் 10-23. நடுவில் 15 எழுத்துகள். அங்கேதான் வெட்டு நடக்கும். இருபுறமும் இரண்டு கைகள். கைகளின் எழுத்துகளை மாற்றினால் வேறு ஆர்என்ஏவைப் பிடிக்கும்.

ஒரு டிஎன்ஏ நொதி காரீயம் இருந்தால்தான் வெட்டும் என்றால், வெட்டு விழுந்தாலே காரீயம் இருக்கிறது என்று பொருள். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் யி லூ 2000இல் இந்த யோசனையை உணர்கருவியாக்கினார். வெட்டு விழுந்ததும் அடங்கியிருந்த ஒளிர்பொருள் விடுபட்டு ஒளிரும். 2011இல் அவர் குழு செய்தது இன்னும் சுவாரசியம். யுரேனியம் இருந்தால் டிஎன்ஏ நொதி வெட்டி, ஒட்டியிருக்கும் இன்வர்டேஸை அவிழ்த்துவிடும். அது சர்க்கரையைக் குளுக்கோஸாக்கும். அளப்பது, வீட்டில் பலர் வைத்திருக்கும் சாதாரணச் சுகர் மீட்டர்!

வைரஸையும் இப்படிப் பிடிக்கலாம். நொதியை இரண்டு பாதியாகப் பிரித்துவைத்தால், தேடும் மரபுத்துண்டு வந்து சேர்த்தால் மட்டுமே அது முழுமையாகி வெட்டும். சிட்னி நகரின் ஸ்பீடிஎக்ஸ் நிறுவனம் இந்த உத்தியில் மருத்துவமனைச் சோதனைப் பெட்டிகளையே விற்கிறது.

மருந்தாகும் கதை அத்தனை எளிதல்ல. இதை மரபணு சிகிச்சையோடு குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஹீமோபிலியா நோயாளிகள் ஐவருக்குச் செய்து, 2024இல் முடிவை வெளியிட்ட மரபணு சிகிச்சை, பழுதான மரபணுவுக்கு மாற்றாக நல்ல மரபணுவைச் சேர்ப்பது. டிஎன்ஏ நொதி மரபணுவைத் தொடாது. அதிலிருந்து வரும் ஆர்என்ஏவை மட்டும் வெட்டும். 2015இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் ஆஸ்துமா நோயாளிகள் 40 பேரிடம் இதை மூச்சில் இழுக்கும் மருந்தாகச் சோதித்தபோது, ஒவ்வாமைக்குப்பின் தாமதமாக வரும் மூச்சுத்திணறல் 34 சதவீதம் குறைந்தது. ஆனாலும் இதுவரை ஒரு டிஎன்ஏ நொதி மருந்தும் அனுமதி பெறவில்லை. செல்லுக்குள் நுழைவது கடினம். நுழைந்தாலும், காரீயத்துக்குப் பதில் இவ்வகை நொதி வெட்டத் தேவைப்படும் மெக்னீசியம் அங்கே போதுமான அளவு இல்லை. மருந்தைவிட உணர்கருவியாகத்தான் இது முதலில் நம் கைக்கு வரும் என்பது என் கணிப்பு.

ஏல மலைக்கும் அதுவே தேவை. புரதம்போல இது வெப்பத்தில் கெட்டுப்போகாது. உலர்த்தி அனுப்பலாம், குளிர்பெட்டி வேண்டாம். மயிலாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும் கோழிக்கோடு நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமும் கட்டேக்கு இப்படியொரு தோட்டத்துச் சோதனையைச் செய்து தர வேண்டும். அதுவரை, கோடு கண்ட தூரை உடனே பிடுங்கி அழியுங்கள். அசுவினி தங்கும் காய்ந்த மட்டைகளைக் கழித்துவிடுங்கள். நோய் வந்த தோட்டத்திலிருந்து, எவ்வளவு செழிப்பாகத் தெரிந்தாலும், கன்று எடுக்காதீர்கள்.