திறமைக்கு ஒரு சான்று

இன்று கணிப்பொறி நுழையாத இடமே இல்லை எனலாம். வங்கியில் பணம் எடுப்பதும், புகைவண்டிக்கு முன்பதிவு செய்வதும், மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனையின் முடிவைப் பெறுவதும் அதன் துணையால்தான் நடைபெறுகின்றன. இத்தனை வேலைகளையும் சுமக்கும் கணிப்பொறிகளை இயக்கவும், ஒன்றோடொன்று இணைக்கவும், திருடர் கையில் சிக்காமல் காக்கவும் ஆட்கள் பலர் வேண்டும். அவ்வேலைக்குச் செல்ல விரும்புவோரின் காதில் அடிக்கடி விழும் சொல் ‘சர்டிஃபிகேஷன்’ என்பதாகும். அதைத் தொழில்திறன் சான்று என்று நாம் சொல்லலாம். அச்சான்று யாது? அதைத் தருவோர் யாவர்? அதனால் சம்பளம் உயரும் என்கிறார்களே, அது எந்த அளவுக்கு உண்மை? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பத்தாம் வகுப்பில் படிக்கும் நமக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று தோழியர் சிலர் கேட்கலாம். இன்னும் சில மாதங்களில் நாம் எல்லோரும் மேல்நிலை வகுப்பில் ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம்முள் சிலர் பொறியியல் கல்லூரிக்குச் செல்வர். சிலர் வீட்டில் அதற்கு வசதி இராது. விரைவில் சம்பாதித்துத் தம்பி தங்கையரைப் படிக்க வைக்க வேண்டிய நிலையில் உள்ளவர்களும் நம் வகுப்பில் இருக்கிறார்கள். அத்தகையோர் வீட்டுக் கதவைத்தான் “ஆறே மாதத்தில் சான்றிதழ், கை நிறையச் சம்பளம்” என்ற விளம்பரத் தாள் முதலில் தட்டுகிறது. எனவே எந்தத் தாளுக்கு என்ன மதிப்பு என்பதை நாம் இப்போதே அறிந்துகொள்வது நல்லது.

பழைய வழி, புதிய பெயர்

தொழில்திறன் சான்று என்பது நமக்குப் புதிதன்று. நம் ஊர்களில் தட்டச்சுப் பயிலகம் இல்லாத கடைவீதி இருந்ததில்லை. தமிழ்நாட்டில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுத் தேர்வில் ‘லோயர்’ என்றால் ஆங்கிலத்தில் நிமிடத்திற்கு 30 சொற்கள். ‘ஹையர்’ என்றால் 45 சொற்கள். பயிலகம் சொல்லித்தரும், ஆனால் தேர்வை நடத்திச் சான்று வழங்குவது அரசுத் துறை. ஆகவே “ஹையர் தேறியவள்” என்றால், அவளை முன்பின் அறியாத அதிகாரியும் அவள் விரல்களின் வேகத்தை நம்பினார். அந்த ஒரு தாளைக் கொண்டு அரசு அலுவலகத்தில் வேலை பெற்றுக் குடும்பத்தைத் தாங்கிய பெண்கள் ஏராளம். இன்றும் அரசுத் தட்டச்சர் பணிக்கு அச்சான்று வேண்டும்.

இதிலிருந்து ஓர் உண்மையை நாம் தெரிந்துகொள்கிறோம். கற்றுக்கொடுப்பவர் வேறு, சோதிப்பவர் வேறு என்று இருக்கும்போதுதான் சான்றுக்கு மதிப்பு உண்டாகிறது.

பொருளியல் அறிஞர்களும் இதைப்பற்றிச் சிந்தித்திருக்கிறார்கள். வேலை கேட்டு வருபவரின் திறமை வேலை கொடுப்பவரின் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அவர் ஏதேனும் ஓர் அடையாளத்தை எதிர்பார்க்கிறார். அந்த அடையாளம், திறமையுள்ளவர் எளிதாகவும் திறமையற்றவர் மிகுந்த சிரமத்துடனும் பெறக்கூடியதாக இருந்தால்தான் பயன்படும். இக்கருத்தை மைக்கேல் ஸ்பென்ஸ் என்பவர் 1973-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். 2001-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற மூவரில் அவரும் ஒருவர். யார் எழுதினாலும் தேறக்கூடிய தேர்வினால் பயனில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

கணிப்பொறித் துறையில் சான்றுகள்

1980-களின் பிற்பகுதியில் நோவெல் என்ற அமெரிக்க நிறுவனம் தன் வலையமைப்பு மென்பொருளை நிறுவத் தெரிந்தவர்களுக்குச் சான்று வழங்கத் தொடங்கியது. அடுத்த பத்தாண்டில் மைக்ரோசாஃப்ட் முதலிய நிறுவனங்களும் அவ்வழியைப் பின்பற்றின. 1993-இல் கம்ப்டியா என்ற அமைப்பு, எந்த ஒரு நிறுவனத்தின் பொருளையும் சாராமல், கணிப்பொறியைப் பழுதுபார்க்கும் திறனுக்காக ‘ஏ பிளஸ்’ என்ற சான்றைக் கொண்டுவந்தது.

அதே 1993-இல் சிஸ்கோ நிறுவனம் ‘சி.சி.ஐ.ஈ.’ என்ற உயர்நிலைச் சான்றை ஏற்படுத்தியது. இதன் வரலாற்றில் ஒரு சுவையான செய்தி உண்டு. இச்சான்று பெறும் ஒவ்வொருவருக்கும் வரிசை எண் ஒன்று தரப்படும். ஆனால் அவ்வெண் 1-இலிருந்து தொடங்கவில்லை. 2-ஐப் பத்து முறை பெருக்கினால் வரும் 1024-இல் தொடங்கியது. அந்த முதல் எண்ணும் எந்த மனிதருக்கும் தரப்படவில்லை. தேர்வு நடந்த ஆய்வுக்கூடத்திற்கே சூட்டப்பட்டது! தேர்வை உருவாக்கிய ஸ்டூவர்ட் பிக்ஸ் 1025 ஆனார்.

எல்லோரும் முதலிலேயே அந்த உயரத்திற்கு ஏற முடியாதல்லவா? ஆகவே 1998-இல் தொடக்க நிலையில் ‘சி.சி.என்.ஏ.’ என்ற சான்று வந்தது. கணிப்பொறிகளுக்கு முகவரி வழங்குவது, ஒரு செய்தி பல கருவிகளைக் கடந்து உரிய இடத்தை அடைவது, கம்பியில்லா இணைப்பு, பாதுகாப்பு முதலியன அதன் பாடங்கள். தேர்வு நேரம் 120 நிமிடம்.

அதில் எத்தகைய கணக்கு வரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஒரு பள்ளியின் வலையமைப்பில் 256 முகவரிகள் இருப்பதாகக் கொள்வோம். அலுவலகம், நூலகம், ஆய்வுக்கூடம், வகுப்பறைகள் என்று அதை நான்கு சம கூறுகளாகப் பிரிக்க வேண்டும். ஒரு கூறுக்கு 64 முகவரிகள் வரும். ஆனால் 64 கணிப்பொறிகளை அதில் வைக்க முடியாது. ஒவ்வொரு கூறிலும் முதல் எண் அக்கூறின் பெயராகவும், கடைசி எண் அனைவருக்கும் பொது அறிவிப்புச் செய்யவும் ஒதுக்கப்பட்டிருப்பதால், மிஞ்சுவது 62 மட்டுமே. நாம் படிக்கும் கணிதத்திற்கு அப்பாற்பட்டது இதில் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

1999-இல் வந்த ரெட் ஹாட் நிறுவனத்தின் தேர்வு முறை வேறு வகையானது. லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் திறமையைச் சோதிக்கும் அத்தேர்வில் “சரியான விடையைத் தேர்ந்தெடு” என்ற வினாவே கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறி ஒன்றை எதிரில் வைத்து, இன்ன இன்ன வேலைகளைச் செய்க என்பார்கள். இணையத்தைப் பார்க்க முடியாது. செய்த வேலை, கணிப்பொறியை அணைத்து மீண்டும் இயக்கிய பிறகும் நிலைத்திருக்க வேண்டும். இல்லையேல் மதிப்பெண் இல்லை. ‘ஆர்.எச்.சி.எஸ்.ஏ.’ எனும் முதல் படியில் தேற 300-க்கு 210 பெறவேண்டும்.

பாதுகாப்புத் துறையில் 1994-இல் தொடங்கிய ‘சி.ஐ.எஸ்.எஸ்.பி.’ என்ற சான்று இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. தேர்வில் தேறினால் மட்டும் போதாது. அத்துறையில் ஐந்தாண்டு அனுபவமும் வேண்டும். உரிய பட்டம் பெற்றவர்களுக்கு ஓராண்டு குறைக்கப்படுகிறது. தொலைவில் உள்ள கணிப்பொறிகளை வாடகைக்குப் பயன்படுத்தும் ‘கிளவுட்’ முறைக்கு அமேசான் நிறுவனம் 2013 முதல் சான்று வழங்கி வருகிறது.

சம்பளம் ஏன் உயர்கிறது?

ஒரு தாளைக் காட்டியதும் முதலாளி ஏன் கூடுதல் பணம் தருகிறார்? இதற்கு மூன்று காரணங்களை நாம் சொல்லலாம்.

முதலாவது, வாணிப ஒப்பந்தம். பெரிய நிறுவனங்கள் தம் பொருளை விற்று நிறுவும் வேலையைக் கூட்டாளி நிறுவனங்களிடம் ஒப்படைக்கின்றன. உயர்ந்த நிலைக் கூட்டாளியாக இருக்க வேண்டுமானால், அங்கே குறிப்பிட்ட எண்ணிக்கையில் சான்று பெற்றவர்கள் பணிபுரிய வேண்டும் என்பது விதி. ஆகவே சான்று பெற்ற ஊழியரை இழந்தால் அந்நிறுவனம் தன் நிலையையே இழக்க நேரிடும்.

இரண்டாவது, அரசின் கட்டளை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் கணிப்பொறிகளின் பாதுகாப்பைக் கவனிப்போர் குறிப்பிட்ட சான்றுகளைப் பெற்றிருக்க வேண்டும் என்று 2005-இல் விதிநூல் வெளியிட்டது. அதனால் ‘செக்யூரிட்டி பிளஸ்’ போன்ற சான்றுகளை நாடுவோர் பெருகினர்.

மூன்றாவது, பொறுப்பு. உயர்ந்த வேலைக்கு யாரை அனுப்பலாம் என்று மேலாளர் யோசிக்கும்போது, தானே முயன்று படித்துத் தேறியவரின் பெயர் அவர் நினைவுக்கு வருகிறது.

ஆனால் இம்மூன்றும் வேலை தெரிந்தவருக்கே பொருந்தும். தொடக்கச் சான்று மட்டும் வைத்திருப்பவருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் பழுது கேட்டு வரும் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் வேலையோ, இரவு முழுதும் வலையமைப்பைக் கண்காணிக்கும் வேலையோதான். இரண்டு மூன்று ஆண்டு அனுபவமும் அடுத்த படிச் சான்றும் சேரும்போதுதான் ஊதியம் உயரும். இதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

ஏமாற்றும் தாள்கள்

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தார். வேலை உறுதி என்று அவர்கள் சொன்னதை நம்பி, அவருடைய அம்மா தம் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டினார். பயிற்சியின் முடிவில் பொன்னிற எழுத்தில் பெயர் அச்சிட்ட சான்றிதழ் ஒன்றைக் கொடுத்தார்கள். நேர்முகத் தேர்வுக்குச் சென்ற இடத்தில், “நீங்கள் எழுதிய தேர்வின் பதிவு எண் என்ன?” என்று கேட்டார்கள். அப்படி ஒரு தேர்வு இருப்பதையே அந்நிலையத்தார் அக்காவிடம் சொல்லியிருக்கவில்லை! பயிற்சியை முடித்ததற்கான தாளும், தேர்வில் தேறியதற்கான சான்றும் ஒன்றல்ல. உண்மையான சான்றுக்கு ஓர் எண் உண்டு. அதை வழங்கிய நிறுவனத்தின் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். அக்கா இப்போது வேறோர் இடத்தில் வேலை பார்த்துக்கொண்டே தாமே படித்து வருகிறார். சங்கிலி இன்னும் மீளவில்லை.

இன்னொரு வகை ஏமாற்றும் உண்டு. தேர்வின் வினாக்களைத் திருடி விலைக்கு விற்போர் இருக்கிறார்கள். அவற்றை மனப்பாடம் செய்து தேறியவர்கள் 1990-களிலேயே பெருகினர்; அவர்களைக் ‘காகிதப் பொறியாளர்’ என்று கேலி செய்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அன்றோ? அவர்களால் நேர்மையாகப் படித்தவர்களின் சான்றும் மதிப்பிழந்தது. இன்று அவ்வாறு பிடிபட்டால் சான்று பறிக்கப்படும். மறுமுறை தேர்வெழுதவும் தடை விதிக்கப்படலாம்.

சான்றுக்கு ஆயுளும் உண்டு. சிஸ்கோ, அமேசான், கம்ப்டியா ஆகியவற்றின் சான்றுகள் மூன்றாண்டு செல்லும். அதன்பின் மீண்டும் தேர்வெழுதியோ, தொடர்ந்து கற்றதைக் காட்டியோ புதுப்பிக்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் பல சான்றுகள் ஓராண்டே செல்லும். எனினும் அவற்றை இணையத்திலேயே கட்டணமின்றிப் புதுப்பிக்கலாம்.

குறைந்த செலவில் கற்க

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் பெரியோர் வாக்கு. அமேசானின் அடிப்படைத் தேர்வுக்கே 100 அமெரிக்க டாலர் கட்டணம். ஆகவே தேர்வுக்கு முன்னர் செலவில்லாமல் கற்கக்கூடியதை எல்லாம் கற்றுவிட வேண்டும். வலையமைப்பைக் கணிப்பொறித் திரையிலேயே அமைத்துப் பழக உதவும் ‘பாக்கெட் டிரேசர்’ என்ற மென்பொருளைச் சிஸ்கோவின் பயிற்சித் தளத்தில் இலவசமாகப் பெறலாம். அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் ஆகிய இயங்குதளங்கள் ரெட் ஹாட்டின் இயங்குதளத்தை ஒத்தவை, அவையும் இலவசமே. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில் பாடங்களைக் காசில்லாமல் படிக்கலாம். சான்று வேண்டுவோர் மட்டும் கட்டணம் செலுத்தி மையத்திற்குச் சென்று தேர்வெழுத வேண்டும். மத்திய அரசின் நைலிட் நிறுவனம் ‘ஓ’, ‘ஏ’, ‘பி’, ‘சி’ என்று படிப்படியாகத் தேர்வுகளை நடத்துகிறது. தமிழ்நாட்டு அரசு 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும் மாணவர்களுக்குத் தொழில்திறன் பயிற்சி அளிக்கிறது.

எனவே தோழியரே, சான்றிதழ் தருகிறோம் என்று எவரேனும் நம் வீட்டுக்கு வந்தால் நாம் மூன்று கேள்விகளைக் கேட்போம். தேர்வை நடத்துவது யார்? சான்றின் எண்ணை எங்கே சரிபார்ப்பது? அது எத்தனை ஆண்டு செல்லும்? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைத்த பிறகே பெற்றோரைப் பணம் கட்டச் சொல்வோம். அதற்கிடையில், வாரத்திற்கு ஒருமுறை நம் பள்ளிக் கணிப்பொறி அறைக்குச் செல்லும்போது விளையாட்டுப் படம் பார்ப்பதை விட்டு, நான்கு கணிப்பொறிகளை இணைத்துப் பார்க்க ஆசிரியையிடம் அனுமதி கேட்போம். கை பழகினால் தேர்வைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.