மழை இருக்க, கழுவ ஆள் எதற்கு?

நீரில் மிதக்கும் சோலார் தகடுகளைத் தானியங்கி முறையில் சுத்தம் செய்வது பற்றிப் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது அம்மா சிரித்துவிட்டார். "கிள்ளானில் பெய்கிற மழைக்கு அதைக் கழுவ வேறு ஆள் வேண்டுமாடா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் பிரிக்பீல்ட்ஸில் கிடைத்தது. அங்கே மரத்தடியில் நிறுத்திய நண்பனின் காரில் காக்கை எச்சம். இரவு நல்ல மழை பெய்தது. காலையில் தூசி போயிருந்தது. காய்ந்த எச்சம் அப்படியே இருந்தது.

நீரின் மேல் மிதக்கும் தகடுகளுக்கும் இதே கதைதான். அங்கே தூசி குறைவு. ஆனால், பறவைகளுக்கு அது நல்ல ஓய்விடம். மேலும், காற்று தூக்கிவிடாமல் இருக்க அந்தத் தகடுகளைப் பெரும்பாலும் மிகக் குறைந்த சாய்வில் பொருத்துகிறார்கள். சாய்வு குறைந்தால் மழைநீர் வேகமாக வழியாது. அழுக்கு கீழ் ஓரத்தில் தங்கிவிடும்.

ஒரு சிறு எச்சத்தால் என்ன நட்டம்? சிறிய சோலார் தகடு ஒன்றை மல்டிமீட்டருடன் இணைத்து, அதன் ஒரே ஒரு மின்கலத்தைக் கறுப்பு டேப்பால் மூடிப் பார்த்தேன். மின்னோட்டம் ஏறக்குறைய நின்றே போனது. மின்கலங்கள் தொடர் இணைப்பில் இருப்பதே காரணம். பெரிய தகடுகளில் பொதுவாக மூன்று மாற்றுவழி டையோடுகள் இருக்கும். மூடப்பட்ட கலம் உள்ள பகுதியைத் தவிர்த்து மின்சாரம் வேறு வழியில் செல்லும். அப்போதும் அந்தத் தகட்டின் உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு வரை இழக்க நேரலாம். மறைந்த கலம் சூடாகிப் பழுதாகவும் கூடும்.

சிலாங்கூரில் 2015-இல் செப்பாங், சுங்கை லாபு நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மிதக்கும் சோலார் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. பக்கத்தில் சிங்கப்பூரின் தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021 ஜூலையில் 60 மெகாவாட் நிலையம் திறக்கப்பட்டது. அங்கே 45 ஹெக்டர் பரப்பில் 122,000 தகடுகள் மிதக்கின்றன. ஒரு தகட்டைத் துடைக்க ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தினமும் எட்டு மணி நேரம் உழைத்தாலும் ஒரு சுற்று முடிய 254 நாள் ஆகும். அதுவும் ஆடும் குறுகிய நடைபாதையில், கீழே நீர், பக்கத்தில் மின்சாரம். இயந்திரம் தேவைப்படுவது இதனால்தான்.

ஆனால், எந்த இயந்திரம்? பாலைவனங்களில் தூரிகை ரோபோக்கள் தகடுகளின் மேல் ஓடித் தூசியைத் தள்ளுகின்றன. தரையில் வரிசை அசையாது. நீரிலோ அலைக்கு ஏற்ப மிதவைகள் ஆடும். தகடுகளுக்கு இடையிலான இடைவெளியும் மாறும். ரோபோவின் எடையையும் மிதவை தாங்க வேண்டும்.

இன்னொரு வழி, கீழே இருக்கும் நீரையே பம்ப் செய்து தெளிப்பது. தகடு கழுவப்படும், குளிரவும் செய்யும். வெப்பம் குறைந்தால் சோலார் கலம் கூடுதல் மின்சாரம் தரும். ஆனால், நீரை வடிகட்டாமல் தெளித்தால் பாசியும் உப்புக் கறையும் படியும். பம்புக்கும் மின்சாரம் செலவாகும். காய்ந்த எச்சத்துக்கு வெறும் தெளிப்பு போதாமல் போகலாம். சவர்க்காரம் கலக்கலாமா? கூடாது. அது நாம் குடிக்கும் நீராக இருக்கலாம்.

மூன்றாவது வழி ட்ரோன். அதிலுள்ள வெப்பக் கேமரா, சூடேறிய தகடு எது என்று காட்டிவிடும். அது கழுவாது, எதைக் கழுவ வேண்டும் என்று சொல்லும்.

என் கருத்தில் தொடங்க வேண்டிய இடம் இதுதான். எல்லாத் தகடுகளையும் நாள் குறித்துக் கழுவும் இயந்திரம் நம் ஊருக்குத் தேவையில்லை. பாதி வேலையை மழை இலவசமாகச் செய்கிறது. மழை விட்டுச் சென்றதைக் கண்டுபிடித்து, அதை மட்டும் கழுவும் இயந்திரமே தேவை. கிள்ளான் பள்ளத்தாக்கைச் சுற்றிப் பழைய ஈய லம்பக் குட்டைகள் பல உள்ளன. நாளை அவற்றிலும் தகடுகள் மிதந்தால், இந்த வேலைக்கு மின்னியல், இயந்திரவியல் படித்தவர்களோடு பறவைகளை அறிந்தவர்களும் தேவைப்படுவார்கள்.

ஐந்தாம் படிவ மாணவர்களே, அந்த டேப் சோதனையை உங்கள் அறிவியல் கழகத்தில் செய்து பாருங்கள். சிறிய தகடு போதும். வீட்டுக் கூரைமேல் ஏற வேண்டாம்.

அம்மாவிடமும் பதிலைச் சொல்லிவிட்டேன். "அப்படியென்றால் காக்கைக்குத்தான் முதலில் பாடம் எடுக்க வேண்டும்," என்றார்.